உஷார்! டூட்டி ரூமில் போட்டுக்கொள்ளும் அந்த ஊசி

உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் வேலை பார்க்கிறார்களா? ஸ்டாஃப் நர்ஸோ, டாக்டரோ, லேப் டெக்னீஷியனோ, ஆயாம்மாவோ, துப்புரவுப் பணியாளரோ, யாராக இருந்தாலும் சரி. இன்றைக்கே அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “உனக்காக நீ கடைசியா எப்போ ஓ.பி. சீட்டு போட்டே?”

பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். “எனக்கெதுக்கு ஓ.பி. சீட்டு? நானே பார்த்துக்குவேன்” என்பார்கள். ஒரு ஷிஃப்டில் வார்டு முழுக்க பி.பி. பார்க்கிறவருக்குத் தன்னுடைய பி.பி. எவ்வளவு என்று தெரியாது. “முப்பது வயசு ஆயிடுச்சா, கர்ப்பப்பை வாய் பரிசோதனை பண்ணிக்கோங்கம்மா” என்று ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் சொல்கிற சிஸ்டர் தான் அதைச் செய்துகொண்டிருக்க மாட்டார். வார்டில் பல வருஷம் நின்று ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன். இந்த ‘நானே பார்த்துக்குவேன்’ ஆளைக் கொன்றுவிடும்.

நைட் டூட்டியில் விடிகாலை மூன்று மணிக்கு நடப்பதைப் பாருங்கள். எட்டு மணிக்கு ஹேண்டிங் ஓவர் வாங்கிய சிஸ்டர் வார்டு முழுக்க மருந்து கொடுத்து, இரண்டு அட்மிஷன் எடுத்து, ஒரு நோயாளியை ஐ.சி.யூ.வுக்கு மாற்றிவிட்டு இப்போதுதான் உட்காருகிறார். நெஞ்சுக்குழியில் எரிகிறது. முதுகின் மேல்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. லேசாக வியர்க்கவும் செய்கிறது. பத்தரை மணிக்கு வாங்கிச் சாப்பிட்ட பரோட்டா சால்னாவின் வேலைதான் இது என்று அவரே முடிவு செய்துவிடுகிறார். கைக்கு எட்டும் தூரத்தில் எரிச்சலுக்கான பான்டபிரசோல் வயல் இருக்கிறது, வலிக்கான டைக்ளோஃபினாக் ஆம்ப்யூலும் இருக்கிறது.

“பாப்பா, இதை லோடு பண்ணி எனக்கு ஒண்ணு போட்டு விடேன்.”

“அக்கா, டூட்டி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா?”

“பாவம், அவரு இப்பதான் போய்ப் படுத்தாரு. கேஸ்தான்டி, போடு.”

டூட்டி ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டாகிவிடுகிறது. அரை மணி நேரத்தில் வலி மட்டுப்படுகிறது. ஐந்து மணி டெம்பரேச்சர் எடுக்க எழுந்து போய்விடுகிறார். இதே எரிச்சலையும் வியர்வையையும் எட்டாம் நம்பர் பெட்டில் இருப்பவர் சொல்லியிருந்தால் அந்த சிஸ்டரே ஓடிப்போய் ஈ.சி.ஜி. மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பார். தனக்கு என்று வரும்போது மெஷின் கண்ணில் படுவதில்லை.

பெண்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு பல நேரம் சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதாக வராது. நெஞ்சுக்குழி எரிச்சல், மேல்முதுகு வலி, தாடை வலி, மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி, வியர்வை என்று வரும். இதையெல்லாம் நர்ஸிங் மாணவிகளுக்கு நாம்தான் பாடம் எடுக்கிறோம். அந்த நேரத்தில் போடுகிற வலி ஊசி நோயைத் தொடுவதில்லை, எச்சரிக்கையை மட்டும் நிறுத்திவிடுகிறது. போதாக்குறைக்கு, டைக்ளோஃபினாக்கே இதயத்துக்கு ஆகாத மருந்து. 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை, இதய நோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று எச்சரித்தது. தண்ணீரே குடிக்காமல் மணிக்கணக்கில் ஓடிய உடம்பில் அதைச் செலுத்தினால் கிட்னிக்கும் அடி விழும். ஏற்கெனவே வயிறு புண்ணாகி இருப்பவருக்கு ரத்தக்கசிவே வரலாம்.

எனவே தங்கைகளே, தம்பிகளே, நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் எந்த வலி வந்தாலும் முதலில் ஈ.சி.ஜி., பிறகுதான் ஊசி. ஒரு ஈ.சி.ஜி. நார்மலாக வந்துவிட்டது என்று நிம்மதியாகப் போய்விடாதீர்கள். வலி இருந்தால் மறுபடி எடுங்கள், ரத்தத்தில் ட்ரோபோனின் பாருங்கள். தூங்குகிற டாக்டரை எழுப்புங்கள். எழுப்பினால் கோபித்துக்கொள்கிற டாக்டர் கோபித்துக்கொண்டு போகட்டும்.

வலி ஊசியோடு இந்தச் சுய வைத்தியம் நிற்பதில்லை. சளி பிடித்தால் ஒரு டெக்ஸாமெத்தசோன், காய்ச்சல் என்றால் ஒரே ஒரு டோஸ் செஃப்ட்ரையாக்சோன், அசதி என்றால் மல்டிவிட்டமின் கலந்து ஒரு ட்ரிப்ஸ், அரிப்புக்கும் ஏவில், தூக்கத்துக்கும் ஏவில். மீந்துபோன ஆம்ப்யூல், ரெப் கொடுத்துவிட்டுப் போன சாம்பிள், டிஸ்சார்ஜ் ஆன நோயாளி விட்டுப்போன அட்டை என்று மருந்து வந்துகொண்டே இருக்கும். கேஸ் ஷீட் கிடையாது, டெஸ்ட் டோஸ் கிடையாது, எத்தனை தடவை போட்டோம் என்ற கணக்கும் கிடையாது. செஃப்ட்ரையாக்சோன் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்தவருக்கு அனஃபைலாக்ஸிஸ் என்ற கடும் ஒவ்வாமை வந்தால், அட்ரினலின் பத்தடி தூரத்தில் இருந்தும் பயனில்லை, பார்க்க ஆள் இருக்காது. டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிடும். அரைகுறை ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும். மருத்துவமனையில் சுற்றுகிற கிருமிகளே ஏற்கெனவே பாதி மருந்துக்கு அசையாதவை. நாளைக்கு உங்களுக்கே ஒரு ஆபரேஷன் என்று வந்தால் எந்த மருந்து கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தூக்க மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நைட் முடித்துவிட்டுப் போய்ப் படுத்தால் பகலில் தூக்கம் வராது. “அரை அல்ப்ரசோலம் போட்டா போதும்” என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். அரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். ஒருநாள் போடாவிட்டால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரைகூடப் போகலாம். அதனால்தான் அதை ஹெச்-1 பட்டியலில் வைத்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றும், விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் அரசு சொல்லியிருக்கிறது. பென்டசோசின், ட்ரமடால் போன்ற வலி ஊசிகளுக்கு அடிமையாகிப் போதை மீட்பு சிகிச்சைக்கு வருகிறவர்களில் மருத்துவத் துறையினரும் இருக்கிறார்கள். மருந்து கைக்கு எட்டுவதும், போடத் தெரிவதும்தான் அங்கே கொண்டுவிடுகின்றன. கூட வேலை பார்ப்பவர் அப்படிப் போகிறார் என்று சந்தேகம் வந்தால் மூடி மறைக்காதீர்கள், வம்பும் பேசாதீர்கள். நேராக மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

சரி, இத்தனை ஊசியும் மாத்திரையும் ஏன் தேவைப்படுகின்றன? நைட் டூட்டி உடம்பை அப்படிப் பிழிகிறது. இதில் அலட்சியம் செய்பவர்களுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 1976-ல் அமெரிக்காவில் 1,21,700 நர்ஸ்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஆய்வு ஆரம்பித்தது. ‘நர்ஸஸ் ஹெல்த் ஸ்டடி’ என்று பெயர். 1989-ல் இரண்டாவது தலைமுறை நர்ஸ்களையும் சேர்த்தார்கள். உலகத்தில் பெண்கள் ஆரோக்கியம் பற்றி இன்று டாக்டர்கள் சொல்வதில் நிறைய இந்த நர்ஸ்கள் வருஷக்கணக்கில் பூர்த்தி செய்து அனுப்பிய படிவங்களிலிருந்து வந்தது. அதை வைத்து 2011-ல் வெளியான கணக்கு இது. மாறி மாறி நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களில் 10 முதல் 19 வருஷம் பார்த்தவர்களுக்கு, பார்க்காதவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 40 சதவீதம் அதிகம். 20 வருஷத்துக்கு மேல் பார்த்தவர்களுக்கு 58 சதவீதம் அதிகம்.

அந்த 58-க்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. ஏறிய எடையையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தபோது அது 24 சதவீதமாக இறங்கியது. பாதிக்கு மேல் எடையின் வழியாகத்தான் வந்திருக்கிறது என்று அர்த்தம். ராத்திரி சாப்பிடுகிற சாப்பாட்டில் நம் கை இருக்கிறது என்றும் அர்த்தம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி பேர். அமெரிக்க நர்ஸ்களுக்கே இந்த நிலைமை என்றால், சர்க்கரையை ரத்தத்திலேயே வைத்துக்கொண்டு பிறக்கிற நம் ஜனங்கள் எவ்வளவு பயப்பட வேண்டும்!

புற்றுநோய் பேச்சும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-ல் இரவுப் பணியை ‘மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற 2-ஏ பட்டியலில் வைத்தது, 2019-ல் மறுபடி ஆராய்ந்து அதே இடத்திலேயே வைத்தது. டென்மார்க்கில், பல வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் சிலருக்கு வேலையால் வந்த நோய் என்று இழப்பீடே கொடுத்தார்கள். எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கும் நைட்டுக்கும் தொடர்பில்லை என்று வந்த பெரிய ஆய்வும் உண்டு. புற்றுநோய் பயத்தில் வேலையை விட்டுவிட்டு ஓட வேண்டாம். பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

இப்போது அந்தப் பத்தரை மணி பரோட்டாவுக்கு வருவோம். ராத்திரியில் உடம்பில் மெலடோனின் சுரக்கும். அது சுரக்கும் நேரத்தில் கணையம் இன்சுலினை மெதுவாகத்தான் விடும். பகலில் சாப்பிடும் அதே அளவு சோறு ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தத்தில் சர்க்கரையை அதிகமாக ஏற்றும். 2021 டிசம்பரில் வெளியான ஒரு சோதனையில், ஆட்களைச் செயற்கையாக நைட் ஷிஃப்ட் வாழ்க்கைக்குள் வைத்துப் பார்த்தார்கள். ராத்திரி சாப்பிட்டவர்களுக்கு சராசரி குளுக்கோஸ் 6.4 சதவீதம் ஏறியது. அதே மாதிரி முழித்திருந்து, சாப்பாட்டை மட்டும் பகலுக்குத் தள்ளியவர்களுக்கு ஏறவில்லை. 19 பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான். ஆனால் வழி தெரிகிறது.

அதனால் நைட் போகிறவர்கள் டூட்டிக்குக் கிளம்பும் முன்பே ஏழு, ஏழரைக்குள் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டும். நடுராத்திரியில் பெரிய சாப்பாடு வேண்டாம். பசித்தால் ஒரு முட்டை, ஒரு கப் சுண்டல், கொஞ்சம் மோர், ஒரு கொய்யா, இவ்வளவு போதும். “எங்கக்கா நேரம் இருக்கு சமைக்க?” என்று கேட்பீர்கள், தெரியும். காலையில் ஊறப்போட்ட கொண்டைக்கடலையைச் சாயங்காலம் குக்கரில் மூன்று விசில் விடுகிற நேரம்தான். ஆப்பில் பிரியாணி ஆர்டர் போட்டு, கேட்டுக்குப் போய் வாங்கி, எல்லாரும் பங்கு பிரிப்பதற்குள் அதைவிட நேரம் ஆகிவிடும். இன்னொன்று, குழந்தை பிறந்த வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸ். மகப்பேறு வார்டில் தினமும் இரண்டு மூன்று பெட்டி வரும். ஸ்டேஷனில் திறந்து வைத்தால் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று கை போய்க்கொண்டே இருக்கும். அவர்கள் சந்தோஷத்துக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு மீதியை அட்டெண்டர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

டீ அடுத்தது. ஒரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, ஐந்து மணிக்கு பன்னோடு ஒன்று. காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணி டீ, வீட்டுக்குப் போய்ப் பத்து மணிக்குப் படுக்கும்போதும் உடம்புக்குள் பாதி வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அதன் மேல் அல்ப்ரசோலம் போட்டால் எங்கே போய் நிற்கும்? டீயை ராத்திரி இரண்டு மணியோடு நிறுத்துங்கள். தண்ணீர் விஷயத்தில் நேர் தலைகீழாக நடக்கிறது. பாத்ரூம் போக ஆள் மாற்றிவிட முடியாது என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. மூத்திரக் கடுப்பு வந்த பிறகு நார்ஃப்ளாக்சசின் இரண்டு போட்டுச் சமாளிக்கிறார்கள். பத்து நிமிஷம் வார்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய் வருவதில் எந்த வெட்கமும் இல்லை. புகையிலை அடக்கிக்கொண்டு நைட் பார்க்கும் அட்டெண்டர் தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாய்ப் புற்றுநோய் வார்டில் ட்ராலி தள்ளுகிறவர்கள் நீங்கள்தான்.

தூக்கத்தை மருத்துவமனைகள் இன்னும் சோம்பேறித்தனம் என்றே நினைக்கின்றன. டாக்டர் பிள்ளைகள் படும் பாடு நர்ஸ்களைவிட மோசம். ஹவுஸ் சர்ஜனும் பி.ஜி.யும் 36 மணி நேரம் தொடர்ந்து நிற்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். “நாங்கல்லாம் அப்படித்தான் படிச்சு வந்தோம்” என்பார்கள் சீஃப்கள். மத்திய அரசின் 1992 ரெசிடென்சி திட்டம், தொடர் பணி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மாணவர் மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது, தினமும் 7 முதல் 8 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்றும் சொன்னது. நோட்டீஸ் போர்டில் தொங்கும் டூட்டி ரோஸ்டரைப் பார்த்தால் இதை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. நியூயார்க்கில் 1984-ல் லிப்பி ஜியான் என்ற 18 வயதுப் பெண், நீண்ட நேரம் வேலையில் இருந்த பயிற்சி டாக்டர்களின் கவனிப்பில் இறந்துபோனாள். அவள் அப்பா பத்திரிகையாளர். விடாமல் போராடினார். அதன் பிறகு 1989-ல் அங்கே வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ந்து 24 மணி நேரம் என்று வரம்பு போட்டார்கள். தூங்காத டாக்டரால் நோயாளிக்கும் ஆபத்து என்பது அங்கே ஒரு பெண் செத்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

ஜப்பானில் 16 மணி நேர நைட் ஷிஃப்டில் நர்ஸ்கள் முறைபோட்டு நடுவில் தூங்கி எழுவது சாதாரண வழக்கம். நம் வார்டிலும் இரண்டு பேர் இருந்தால் இது முடியும். ஒருவர் பார்த்துக்கொள்ள இன்னொருவர் 20 நிமிஷம், அரை மணி நேரம் கண்ணை மூடலாம். இன்சார்ஜ் சிஸ்டர்கள் இதைக் குற்றமாக எழுதாதீர்கள், தயவுசெய்து.

அடுத்தது வீட்டுக்குப் போகும் பயணம். இதைத்தான் யாரும் நோய்க்கணக்கில் சேர்ப்பதே இல்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மதியம் கண்ணயராமல் துணி துவைத்து, ராத்திரி டூட்டிக்கு வந்தவர் மறுநாள் காலை ஏழரைக்கு ஸ்கூட்டரை எடுக்கும்போது இருபத்தைந்தரை மணி நேரம் முழித்திருக்கிறார். 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் செய்த சோதனையில், தொடர்ந்து 17 மணி நேரம் முழித்திருந்தவரின் நிதானம் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் நிதானத்துக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரத்தில் அது 100 மில்லிகிராமுக்குச் சமம். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான். போலீஸ் ஊதச் சொன்னால் மெஷினில் எதுவும் காட்டாது. ஆனால் சிக்னலில் கண் செருகுகிறது, கை நழுவுகிறது. எதிரே லாரி வருகிறது.

டூட்டி முடிந்ததும் கிளம்பாதீர்கள். டூட்டி ரூமிலேயே இருபது நிமிஷம் தலையைச் சாய்த்துவிட்டுக் கிளம்புங்கள். முடிந்தால் பஸ்ஸில் போங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப் போகட்டும். வீட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன். நைட் பார்த்துவிட்டு வந்த மருமகளையோ அம்மாவையோ காலை எட்டு மணிக்கு அடுப்படியில் நிறுத்தாதீர்கள். காலிங் பெல், மிக்ஸி, டி.வி. சத்தம் இல்லாமல், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு ஆறு மணி நேரம் அவர் தூங்கட்டும். மதியம் வரும் கேஸ் சிலிண்டரை வேறு யாராவது வாங்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் வருஷக்கணக்கில் மெதுவாக அரிப்பவை. இனி சொல்லப்போவது மணிக்கணக்கில் முடிவாகிவிடுவது. ஊசி குத்திவிட்டால் என்ன செய்வீர்கள்?

கேஷுவாலிட்டியில் அவசரம். கேனுலா போட்டுவிட்டு ஸ்டைலெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது குத்திவிடுகிறது. அல்லது, எத்தனை தடவை சொன்னாலும் விடாத பழக்கமாக, ஊசிக்கு மறுபடி கேப் மாட்டும்போது குத்துகிறது. கிளவுஸைக் கழற்றினால் ஒரு சொட்டு ரத்தம். விரலைப் பிதுக்கி, ஸ்பிரிட் ஊற்றி, ஒரு பஞ்சை அழுத்திக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறோம். “சொன்னா ரிப்போர்ட் எழுதணும், சூப்பிரண்டெண்ட் கூப்பிட்டுக் கேட்பாங்க, ஊரெல்லாம் பேசும்.” இந்த பயத்தில் மறைத்துவிடுகிறார்கள்.

தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி உள்ள ரத்தம் படிந்த ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு 3. எல்லாரும் எச்.ஐ.வி.க்குத்தான் நடுங்குகிறார்கள், ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுகொள்வதில்லை. பயம் தலைகீழாக இருக்கிறது.

குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ ப்ளீச்சோ ஊற்றாதீர்கள். சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் ரத்தம் தெறித்தால் தண்ணீரிலோ சலைனிலோ நன்றாக அலசுங்கள். உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள், எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தைக் கேளுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பு இல்லாதவருக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது, கூடவே தடுப்பூசியும் ஆரம்பிக்க வேண்டும். ஷிஃப்ட் முடியட்டும், லீவு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும்.

“நான் தடுப்பூசி போட்டுட்டேனே” என்பவர்கள் கவனியுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. படிக்கும்போது இரண்டு போட்டுவிட்டு, மூன்றாவது சமயத்தில் பரீட்சை வந்து விட்டுப்போனவர்கள் எக்கச்சக்கம். நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு இந்த ஊசி 2011-ல்தான் வந்தது. இன்று வார்டில் நிற்கிறவர்கள் எல்லாருமே அதற்கு முன் பிறந்தவர்கள். மூன்றும் போட்டு முடித்து ஒன்று இரண்டு மாதத்தில் ஆன்டிபாடி டைட்டர் பார்க்க வேண்டும். 10 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு ஏறவில்லை, மறுபடி போட வேண்டும். டைட்டர் பார்த்த ஆளை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இருமலையும் இப்படித்தான் விடுகிறார்கள். இரண்டு வாரம் இருமினால் சளிப் பரிசோதனை என்று நோயாளிக்கு எழுதிக் கொடுக்கிறவர், தன் இருமலை ஏ.சி.யின் தலையில் போடுவார். மெடிக்கல் வார்டிலும் ஐ.சி.யூ.விலும் நிற்கிறவர்களுக்குக் காசநோய் வெகு அருகில் இருக்கிறது. சாதாரண சர்ஜிகல் மாஸ்க் அதைத் தடுக்காது, என்-95 வேண்டும். பரிசோதனை இலவசம், சிகிச்சையும் இலவசம்.

இதில் எல்லாரையும்விட ஆபத்தில் இருப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் துப்புரவு அக்காக்கள், ஆயாம்மாக்கள், லாண்டரி தம்பிகள். நர்ஸும் டாக்டரும் ஊசியை வெள்ளைப் பெட்டியில் போடாமல் அவசரத்தில் மஞ்சள் பையில் போட்டுவிட்டால், பையைத் தூக்கும்போது அந்த ஊசி குத்துவது ஆயாம்மாவின் தொடையில். எந்த நோயாளியின் ஊசி என்றே தெரியாது. அவருக்கு ஹெபடைடிஸ் பி என்ற பெயரும் தெரிந்திருக்காது. கனமான நோயாளியைத் தனியாக ட்ராலியில் மாற்றி முதுகு போனவர்களும் இவர்கள்தான். சம்பளம் பிடித்துவிடுவார்கள் என்று காய்ச்சலோடு வருகிறவர்களும் இவர்கள்தான்.

சட்டம் இவர்கள் பக்கம் இருக்கிறது. 2016-ன் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. மருத்துவப் பணியாளர்கள், மருத்துவக் கழிவைக் கையாளும் மற்றவர்கள் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியது மருத்துவமனையை நடத்துகிறவரின் கடமை. வேலையில் சேரும்போது ஒரு உடல் பரிசோதனை, பிறகு வருஷத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனை, இதுவும் அதே விதியில் உள்ளது. அரசு மருத்துவமனை, தனியார் நர்ஸிங் ஹோம் என்ற பாகுபாடு இல்லை. “அவங்க எங்க ஸ்டாஃப் இல்ல, கான்ட்ராக்ட் ஆளுங்க” என்று நிர்வாகம் கைகழுவ இடமில்லை. கழிவைத் தொடுகிற கை யாருடையதாக இருந்தாலும் பொறுப்பு அந்தக் கட்டடத்தை நடத்துகிறவருடையது.

ஆகவே இந்த வாரமே உங்கள் வார்டு ஆயாம்மாவிடம் கேளுங்கள்: “ஹெபடைடிஸ் ஊசி மூணும் போட்டாச்சாம்மா?” இல்லை என்றால் அவர் பெயரையும் உங்கள் பெயரையும் சேர்த்து, விதியின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு, தடுப்பூசி, டைட்டர், வருடாந்திரப் பரிசோதனை மூன்றையும் கேட்டுத் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம் எழுதிக் கொடுங்கள். ஒரு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் நர்ஸிங் சூப்பிரண்டெண்டுக்கு, அங்கும் நடக்கவில்லை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். இந்த விதிகள் நடக்கின்றனவா என்று பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.